எதிர் எடை

"எடையைத் தூக்குறதுக்கு இன்னொரு எடையைக் கட்டித் தொங்க விடுவாளாம். மில்லுல வேலை பார்த்த புத்தி வேற எப்படிப் போகும்?"

பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் எல்லார் காதிலும் விழும்படி எங்கள் அணித்தலைவர் சொன்னது இது. அவர் மூன்றாம் ஆண்டு, நான் இரண்டாம் ஆண்டு. அவருடைய அப்பாவுக்கு ராஜபாளையத்தில் சொந்தமாக லேத் பட்டறை இருந்தது. என் அப்பா பஞ்சு குடோனில் லோடுமேன். சிரித்தவர்களை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்காமல் நின்றேன்.

மில்லில் வேலை பார்த்ததை நான் ஒளித்ததில்லை. பத்தாவது முடித்ததும் ஒன்றரை வருடம், அம்மா வேலை பார்த்த அதே நூற்பு மில்லில் டாஃபராக இருந்தேன். நூல் நிறைந்த கட்டைகளை மிஷினிலிருந்து உருவி எடுத்து, காலிக் கட்டைகளைச் செருகுவது டாஃபர் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மா இன்றைக்கும் சம்பளப் பதிவில் கைநாட்டு வைக்கிறாள். டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போட்டபோது மெக்கானிக்கல் பிரிவில் இடம் கிடைத்தது. அறுபது பேர் வகுப்பில் நாங்கள் இரண்டு பெண்கள்.

அந்த வருடம் பக்கத்துக் கல்லூரி ஒன்று பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. ரோபோ என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வரும். நீளமான ஒயரின் முனையில் சுவிட்ச் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற நான்கு சக்கர வண்டி அது. தரையில் நான்கு கிலோ மரக்கட்டைகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். வண்டி போய் ஒன்றை எடுக்க வேண்டும், மூன்றடி உயர மேடையில் வைக்க வேண்டும், திரும்பி வந்து அடுத்ததை எடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் எத்தனை கட்டை என்பதுதான் கணக்கு. தூக்குவதற்கு எல்லா அணிக்கும் ஒரே மாதிரி மோட்டார், பழைய காரில் மழைத்தண்ணீர் துடைக்கிற வைப்பர் மோட்டார், ஒன்றே ஒன்று. பேட்டரியும் ஒன்று.

எங்கள் அணியில் நான்கு பேர். வண்டியை ஓட வைப்பது இரண்டு பையன்களின் வேலை. தூக்கும் பகுதியை, லிப்ட் என்று நாங்கள் சொன்னதை, தலைவர் எடுத்துக்கொண்டார். என்னைச் சேர்த்துக்கொண்டது ஏன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. டிராயிங் ஷீட்டு நீ போடு."

டிரேசிங் ஷீட்டின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் உண்டு. 'வடிவமைத்தவர்' என்று ஒரு வரி, 'வரைந்தவர்' என்று ஒரு வரி. லிப்ட் எப்படி இருக்கப்போகிறது என்று எவருக்கும் தெரியாத அன்றே முதல் வரியில் அவர் தன் பெயரை மையால் எழுதி, ஷீட்டைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். இரண்டாவது வரி எனக்கு. நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்த முதல் வரி என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவர் போட்ட லிப்ட் ஒரு நீளத் திருகு. மோட்டார் திருகைச் சுற்றினால் கட்டையைத் தாங்கும் தட்டு மேலே ஏறும். லேத் பட்டறைக்காரர் வேறு எதை யோசிப்பார். திருகு அருமையாகக் கடையப்பட்டிருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. மூன்றடி ஏற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நேரம் வைத்துப் பார்த்தோம், ஐந்து நிமிடத்தில் இரண்டு கட்டை.

"வேகமா ஏத்தணும்னா செயின் போட்டுப் பெரிய பல்சக்கரம் வைக்கலாம்ணே," என்றேன்.

"வச்சா மோட்டாரு மூச்சுத் திணறிரும். தட்டே எட்டு கிலோ. கட்டை நாலு. பன்னெண்டு கிலோவை அது எப்படித் தூக்கும்?"

"பன்னெண்டையும் அதுவே ஏன் தூக்கணும்?"

அப்போதுதான் சொன்னேன், தட்டுக்கு எதிர்ப்பக்கம் பத்து கிலோ எடையைத் தொங்க விடலாம் என்று. அதற்குத்தான் முதலில் சொன்ன அந்தப் பதில் வந்தது.

எனக்கு அந்த யோசனை புத்தகத்திலிருந்து வரவில்லை. மில்லில் நூல் சுற்றும் மிஷினின் இரண்டு பக்கமும் ஒரு பஸ்ஸை விட நீளமான இரும்புச் சட்டம் ஓடும். நூல் கட்டையில் ஒரே சீராக விழுவதற்காக அந்தச் சட்டம் நாள் முழுக்க மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எட்டு மணி நேரமும் அதன் முன்னால்தான் என் நிற்பு. ஒரு நாள் ஃபிட்டர்கள் மிஷின் ஓரத்து மூடியைக் கழற்றி வேலை பார்த்தார்கள். உள்ளே சங்கிலியில் கனத்த இரும்பு எடைகள் தொங்கின. அவற்றைக் கழற்றிய பிறகு அந்தச் சட்டத்தை ஒரு சாண் தூக்க நான்கு ஆம்பிளைகள் முக்கினார்கள். திரும்ப மாட்டிய பிறகு ஒரு ஃபிட்டர் வலது கையில் பீடியோடு இடது கையாலேயே அதை உயர்த்தினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு மேஸ்திரியிடம் வசவு வாங்கினேன். வசவு மறந்துவிட்டது, இடது கை மறக்கவில்லை.

பத்து கிலோ ஏன் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன். தட்டு எட்டு கிலோ, கட்டையில் பாதி இரண்டு கிலோ. கட்டையோடு ஏறும்போது மோட்டாருக்கு மிஞ்சுவது இரண்டு கிலோ. வெறும் தட்டாக இறங்கும்போது எதிர் எடையைத் தூக்க வேண்டியதும் அதே இரண்டு கிலோ. போகும்போதும் வரும்போதும் ஒரே பாரம். அப்படியானால் பெரிய பல்சக்கரம் தாங்கும்.

தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பித் தெலுங்கில் முணுமுணுத்தார். "தீனிக்கி ஏமி தெலுசு?" இவளுக்கு என்ன தெரியும் என்று. அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. நான் வளர்ந்த தெருவில் பாதி வீட்டில் அதுதான் பேச்சு.

"நாக்கு அன்னி தெலுசு, அண்ணா," என்றேன். எனக்கு எல்லாம் தெரியும்.

பக்கத்திலிருந்தவர் சிரித்துவிட்டார். தலைவருக்குக் காது சிவந்துவிட்டது. எங்கள் ஒர்க்‌ஷாப் சார் அதுவரை ரம்பத்தைத் தீட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "வாயில எதுக்குச் சண்டை? வியாழக்கிழமை ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. எது ஜாஸ்தி தூக்குதோ அது போகட்டும்."

மூன்று நாள் இருந்தது. ஒரு பழைய சைக்கிளின் செயினையும் பெடல் பல்சக்கரத்தையும் கழற்றினேன். பழைய இரும்புக் கடையில் கிடந்த வட்டத் தட்டுகளைக் கம்பியால் சேர்த்துக் கட்டினேன். ரேஷன் கடைத் தராசில் அதை வைத்தபோது கடைக்காரர் கேட்டார்: "இதுக்கு எம்புட்டு மண்ணெண்ணெய் தாயி ஊத்தணும்?"

வியாழக்கிழமை வண்டியை நிறுத்தி வைத்து லிப்டை மட்டும் ஓட்டினோம். நான்கு நொடியில் கட்டை மேலே போய் நின்றது. இன்னொரு தடவை. திரும்பவும் நான்கு நொடி. மோட்டார் மேல் கை வைத்துப் பார்த்தேன், லேசான வெதுவெதுப்புதான். தலைவர் கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம், ஆனால் பார்த்தேன்.

"எங்க, வண்டியை நடக்க விடு," என்றார் சார். அவரும் குனிந்து நின்று பார்த்தார்.

வண்டி நேராகப் போனது. திரும்பியது. அவ்வளவுதான். சங்கிலியில் தொங்கிய பத்து கிலோவும் வண்டியோடு திரும்பாமல் வெளிப்பக்கம் வீசி, லிப்டின் கம்பத்தில் இடித்து, வண்டியை அப்படியே மல்லாக்கச் சாய்த்துவிட்டது. ஒரு கம்பம் வளைந்தது. சத்தம் கேட்டு அடுத்த ஷெட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள்.

"மில்லு மிஷினு விழுந்திருச்சிடோய்!" என்றான் ஒருவன்.

நான் தரையில் உட்கார்ந்து வளைந்த கம்பத்தைக் கழற்ற ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது, கோபத்தில். என்ன தப்பு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மில்லில் எந்த மிஷினும் நடக்காது. தரையோடு தரையாகப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள், அதனால் அங்கே எடை ஆடாது. ஒன்றரை வருடம் ஆடாத எடையை மட்டுமே பார்த்த எனக்கு, நடக்கிற வண்டியில் அது ஆடும் என்று தோன்றவே இல்லை. மில் எனக்குக் கற்றுக்கொடுத்ததும் மில்தான், என்னைக் கவிழ்த்ததும் மில்தான்.

தலைவர் என் தலைக்கு மேலே நின்று சொன்னார்: "சரி, போதும். திருகையே மாட்டிருவோம். ரெண்டு கட்டையா இருந்தாலும் விழாம தூக்கும்."

"விழுந்தது எடை இல்ல, ஆட்டம். ஆட்டத்தை நிறுத்துறேன்."

"எப்ப? போட்டி திங்கக்கிழமை."

நான் சாரைப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும். அதுக்குப் பொறவு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது," என்றார்.

எடை ஆடாமல் இருக்க அதற்கு ஒரு கூடு வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ராஜபாளையத்தில் ஒரு பம்புசெட் கடையில் நாலடிப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று வாங்கி, அதைவிட ஒல்லியான இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றும் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் ஏறினேன். கூட்டத்தில் குழாயை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றேன்.

"ஏம்மா, இந்த நெட்டையனுக்கு யாரு டிக்கெட் எடுக்கிறது?" என்றார் கண்டக்டர்.

"அவரு நின்னுக்கிட்டுதான வாராரு. உக்காரலியே."

பஸ்ஸே சிரித்தது. மூன்று நாளில் அன்றைக்குத்தான் எனக்கும் சிரிப்பு வந்தது.

இரும்புக் குழாய்க்குள் துண்டு இரும்புகளை அடைத்து, இரண்டு வாயையும் சிமெண்டால் மூடினேன். மேலே ஒரு கொக்கி. இப்போது எடை ஒரு குட்டைத் தடி மாதிரி ஆனது. அது பிளாஸ்டிக் குழாய்க்குள் ஏறி இறங்கும், எந்தப் பக்கமும் வீச முடியாது. லொடலொடவென்று இடிக்காமல் இருக்க, தடியின் இரண்டு முனையிலும் நாடா சுற்றினேன். மில்லில் நூல் கட்டைகள் மாட்டியிருக்கும் கதிர்களைச் சுழற்றும் பருத்தி நாடா அது. தேய்ந்ததை வீசிவிடுவார்கள், எங்கள் தெருவில் துணி காயப்போடும் கொடியெல்லாம் அதுதான். அம்மா கொடியிலிருந்து இரண்டு முழம் அறுத்துக் கொடுத்தாள்.

"ஏட்டி, இம்புட்டுப் பாடுபட்டு அது என்னதான் செய்யும்?"

"கட்டையைத் தூக்கி மேல வைக்கும்மா."

"அதுக்குத்தான் உங்க அப்பன் இருக்காரே," என்றாள் அம்மா.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வண்டியை ஓட்டினோம். வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். திரும்பியது, விழவில்லை. இன்னொன்றையும் அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். கட்டை உச்சிக்குப் போகும்போது எதிர் எடை அடிக்கு வந்துவிடுகிறது, அதனால் மேலே பாரம் இருந்தும் வண்டி அசையாமல் நிற்கிறது. சோதனையில் ஒன்பது கட்டை வைத்தோம்.  சார் குழாயின் வாயில் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுவிட்டுப் போனார்.

தலைவர் வந்தார். "சரி, உன்னோடதே போகட்டும். திங்கக்கிழமை நல்லதா ஒரு சேலை கட்டிட்டு வந்துரு. சார்ட்டுப் பக்கத்துல நின்னு குச்சியை வச்சு வெளக்கம் சொல்லிரு. சுவிட்ச் பெட்டியை நான் பார்த்துக்கிடுதேன்."

இது ஒரு வழக்கம். எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் பார்க்கலாம். மிஷினுக்குப் பக்கத்தில் பையன்கள் நிற்பார்கள். சுவரில் ஒட்டிய சார்ட்டுக்குப் பக்கத்தில் பூ வைத்துக்கொண்டு ஒரு பெண் குச்சியோடு நிற்பாள். வருகிறவர்களும் அவளிடம் "நீயாம்மா எழுதுன? கையெழுத்து ரொம்ப நல்லாருக்கு" என்பார்கள்.

"சார்ட்டுல நீங்க நில்லுங்கண்ணே. பெட்டி என்கிட்ட இருக்கட்டும்."

"பொம்பளப்பிள்ளைக்குத்தான் அங்க மார்க்கு போடுவாங்க."

"அப்ப அந்த மார்க்கு நமக்கு வேண்டாம்."

அவர் முறைத்துக்கொண்டு போனார். நான் டிரேசிங் ஷீட்டை மேசையில் விரித்தேன். அந்த ஷீட்டில் மை அழிய ரப்பர் போதாது, பாதி பிளேடால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஷீட் கிழிந்துவிடும். முதல் வரியில் அவர் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினேன்.  சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, என் பெயரை எழுதினேன். பிறகு இரண்டாவது வரியிலும் என் பெயரையே எழுதினேன், அதுவும் உண்மைதானே. திருகை மட்டும் ஓரத்தில் 'கைவிடப்பட்ட மாற்று வடிவம்' என்று சிறியதாக வரைந்து, அதன் கீழே அவர் பெயரைப் போட்டேன். அதுவும் உண்மைதான்.

திங்கட்கிழமை காக்கி ஒர்க்‌ஷாப் கோட்டைப் போட்டுக்கொண்டு, தாவணி முந்தியை உள்ளே செருகிக்கொண்டு போனேன். தலைவர் ஷீட்டைப் பார்த்தார். அங்கே சத்தம் போட முடியாது, ஆட்கள் நின்றார்கள்.

"யாரைக் கேட்டுடி எழுதுன?" என்றார் பல்லுக்குள்.

"நீங்க எழுதும்போது யாரைக் கேட்டீங்க?"

எங்கள் முறை வந்தது. பெட்டி முதலிலிருந்தே என் கையில், அதனால் தலைவர்தான் சார்ட்டுப் பக்கம் போய் நிற்க வேண்டியிருந்தது. வண்டி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது நடுவர்களில் ஒருவர் சார்ட்டு முன் நின்ற தலைவரிடம் கேட்டார்: "இந்த எதிர் எடை எதுக்கு?"

"பேலன்ஸுக்கு, சார்."

"தட்டு எட்டு கிலோன்னு போட்டிருக்கீங்க. எதிர் எடை பத்து. எட்டே போதாதா?"

தலைவர் சார்ட்டைப் பார்த்தார். சார்ட்டில் அது எழுதியிருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் மேலே ஏறிக்கொண்டிருந்த கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கட்டையில பாதி எடையும் சேர்த்து, சார். ஏறும்போதும் இறங்கும்போதும் மோட்டாருக்கு ஒரே பாரம் வரணும்," என்றேன். நடுவர் சார்ட்டை விட்டுவிட்டு நடந்து என் பக்கம் வந்தார். மீதி நேரம் முழுக்க அவர் அங்கேதான் நின்றார்.

பதினொரு கட்டை. வந்திருந்த எந்த அணியும் அத்தனை வைக்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் பரிசு. ஒன்பது கட்டை வைத்த அணிக்கு முதல் பரிசு. அவர்கள் பெண் சார்ட்டுப் பக்கத்தில் நின்று அழகாக விளக்கம் சொன்னாள், விளக்கத்துக்கு மதிப்பெண் தனியாக இருந்தது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் சொன்னதை நானும் தள்ளி நின்று கேட்டேன். அந்த மிஷின் அவளுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்திருந்தது. ஆனால் போட்டி முடியும்வரை ஒருவரும் பெட்டியை அவள் கையில் கொடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் தலைவர் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "நீ மட்டும் சார்ட்டுல நின்னிருந்தா பஸ்ட்டு வந்திருக்கும்."

"நீங்க மட்டும் லிப்டைப் படிச்சிட்டு வந்திருந்தா பஸ்ட்டு வந்திருக்கும்."

 ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது வண்டியின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். முதல் பரிசு போனதில் எனக்கு வருத்தம் உண்டு. பெட்டியைக் கொடுத்திருக்கலாமோ என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஷீட்டின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைத் தரையில் விரித்து, சுற்றிச்சுற்றிப் பார்த்தாள்.

"இதுல எங்க இருக்கு உன் பேரு?"

மூலைக் கட்டத்தைக் காட்டினேன். அம்மா குனிந்து விரலை அதன் மேல் வைத்தாள். விரல் பெயரை முழுவதுமாக மறைத்துவிட்டது.

"இம்புட்டுப் பெரிய தாள்ல இம்புட்டூண்டா எழுதியிருக்கானுவ?"

"எழுதுனது நாந்தான்மா."

"அப்ப கொஞ்சம் பெருசா எழுத வேண்டியதுதான!" என்றாள். பிறகு ஏதோ யோசித்தவள் போல, "நாலு கிலோவைத் தூக்குறது இருக்கட்டும். எங்க மில்லு மாடிப்படிக்கு ஒண்ணு போடேன் பாப்போம்," என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். மில்லில் நூல் கட்டைகள் நிறைந்த பெட்டிகளைக் கீழ்த்தளத்திலிருந்து மாடிக்குப் பெண்கள்தான் தலையில் சுமந்து ஏற்றுவார்கள். மாடியில் அந்த நூலைக் கோன்களில் சுற்றுவார்கள். ஒன்றரை வருடம் நானும் சுமந்திருக்கிறேன். காலிப் பெட்டிகள் இறங்குகின்றன, நிறைந்த பெட்டிகள் ஏறுகின்றன. எதிர் எடைக்கு அதைவிடத் தோதான இடம் எது?

இரண்டு நாள் கழித்து அம்மா மடியிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொடுத்தாள். மாடிக் கைப்பிடியிலிருந்து கீழே விட்டு, தரை தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தாள்.

அந்த வாரமே புது ஷீட் ஒன்றை எடுத்தேன். முதல் கோடு போடுவதற்கு முன்னால் மூலைக் கட்டத்தில் 'வடிவமைத்தவர்' வரியை நிரப்பினேன், கொஞ்சம் பெரிய எழுத்தில். முதல் படத்தையும் ஒரு விண்ணப்பத்தையும் மில்லின் பராமரிப்பு ஆபீசில் கொடுத்தேன். அங்கிருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவர்கிட்ட காட்டணும். அவிய திங்கக்கிழமைதான் வருவாக, அப்ப வா, பாப்போம்," என்றார். பாப்போம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வரை நான் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை மதிய ஷிப்டு மாறும் நேரத்தில் அம்மாவோடு மில் வாசலுக்குப் போனேன். வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டு, "என்ன தாயி, திரும்பவும் வேலைக்கா?" என்று கேட்டார்.

"அளக்கணும்ணே," என்று டேப்பைக் காட்டினேன். உள்ளே விட்டார்.

மாடிக் கைப்பிடியிலிருந்து தரைக்கு நான்கு மீட்டர் இருபது சென்டிமீட்டர். அம்மாவின் நூலை விட இரண்டு விரற்கடை கூடுதல், அம்மா இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டபோது நீண்டிருந்த நூல் பிறகு சுருங்கியிருக்கும். நோட்டில் டேப் காட்டியதைக் குறித்துக்கொண்டு, நூல் பெட்டி ஒன்றைத் தராசுக்குத் தூக்கிப் போனேன்.